முள் குத்தியது பாதத்தில், நெறி கட்டுவது தொடையிடுக்கில்: ஏன்?

சம்பா நடவு முடிந்து களை பறிக்கும் நாட்களில் டெல்டா கிராமங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "கருவ முள்ளு ஏறிப் போச்சு. ரெண்டு நாளா நெறி கட்டி, காலை ஊன முடியல." முள் ஏறியது பாதத்தில். கட்டியிருப்பது தொடையிடுக்கில். நடுவில் ஆடுசதைக்கும் முழங்காலுக்கும் ஒன்றுமே ஆகவில்லை. பிறகு எப்படி அவ்வளவு தூரம் தள்ளிப் போய்க் கட்டுகிறது?

"விஷம் மேல ஏறுது" என்பது வழக்கமான பதில். ஏதோ ஒன்று மேலே ஏறுகிறது என்பது உண்மைதான். பெரும்பாலான நேரம் அது விஷமல்ல, சேதி. பாதத்தில் நுழைந்த பாக்டீரியா எப்படிப்பட்டது என்று காட்ட, அதன் துண்டைத் தூக்கிக்கொண்டு சில செல்கள் தொடையிடுக்கு வரை போகின்றன. அதைப் பார்த்துவிட்டு அங்கே ஆள் சேர்க்கப்படுகிறது. அந்த ஆள்சேர்ப்பின் நெரிசலைத்தான் நெறி என்கிறோம்.

"எதிர்ப்பு சக்தி" என்ற சொல் இந்த வேலைகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி மறைத்துவிடுகிறது. மேட்டூர் நீர்மட்டம் மாதிரி உடம்புக்குள் ஓர் அளவுகோல் இருப்பதாகவும், 120 அடி நின்றால் கவலையில்லை, இறங்கினால் ஏதாவது பொடி வாங்கிக் குடித்து ஏற்றிவிடலாம் என்றும் பேசுகிறோம். அப்படி ஓர் அளவு உடம்பில் கிடையாது. அணை நிரம்பியிருந்தாலும் நடுவில் ஒரு மதகு திறக்காவிட்டால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். நோய் எதிர்ப்பும் அப்படிப்பட்ட முறை வேலை. யார் பார்த்தார், யாருக்குச் சொன்னார், அவர் வந்தாரா, வேலை முடிந்ததும் நிறுத்தினாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாசன வாய்க்காலும் வடிகாலும்

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது ஒரு வாய்க்கால், மிஞ்சியதை எடுத்துப் போவது வேறொரு வாய்க்கால். உடம்பிலும் அதே ஏற்பாடுதான்.

இரத்தக் குழாய் பாசன வாய்க்கால். மிக நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கொஞ்சம் நீர் எப்போதும் சதைக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி திரும்ப இரத்தத்துக்குப் போய்விடும். மிஞ்சும் நீரின் பெயர் நிணநீர். அதைச் சேர்த்து எடுத்துப் போகும் தனிக் குழாய்கள்தான் உடம்பின் வடிகால். இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. வடிகாலுக்கு அப்படி ஒரு மோட்டார் இல்லை. குழாய் தானாகச் சுருங்கி விரிவதாலும், நடக்கும்போது தசை பிழிவதாலும் நிணநீர் நகர்கிறது. பின்னோக்கி வராமல் உள்ளே ஒருவழி அடைப்பான்கள் தடுக்கின்றன.

வடிகால் நேராக இதயத்தின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடாது. வழியில் மொச்சைக்கொட்டை அளவில் முடிச்சுகள் இருக்கும். அவை நிணநீர் முடிச்சுகள். உடம்பில் சில நூறு உண்டு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் கொத்தாக இருக்கும். காலிலிருந்து வரும் வடிகால் முக்கியமாகச் சேரும் இடம் தொடையிடுக்கு. கையில் அடிபட்டால் அக்குளில் கட்டும், பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே கட்டும். எந்த வயலின் வடிகால் எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்தவருக்கு இதில் புதிர் இல்லை.

கரையில் நிற்கும் காவல்

தோல்தான் கரை. முள் குத்துவது, கதிர் அறுக்கும்போது அரிவாள் படுவது, நாள் முழுக்கச் சேற்றில் நின்று விரலிடுக்கு வெந்து சேத்துப்புண் ஆவது, இவையெல்லாம் கரையில் உடைப்பு. அது வழியாக நுழைவதில் அடிக்கடி காணப்படுவது ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம். நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா இருப்பதுதான். உள்ளே இறங்கினால்தான் தொல்லை.

அவசரம் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. வசதியான சூழலில் பல பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். ஒன்றே ஒன்று நுழைந்து, தடுப்பார் இல்லாமல் பெருகினால் 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம். உடம்புக்குள் அவ்வளவு வசதி கிடைப்பதில்லை. ஆனாலும் பாக்டீரியாவுடன் நடப்பது மணிக்கணக்குப் போட்டி.

தோலுக்கு அடியில் எப்போதும் குடியிருக்கும் செல் ஒன்று உண்டு: மேக்ரோஃபேஜ், பெருவிழுங்கி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொள்ளிடக் கரையில் ராக்காவல் இருப்பவரைப் போன்றது. உள்ளே வந்த பாக்டீரியாவின் பெயர் ஊர் எதுவும் அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பாக்டீரியாவின் சுவர் கட்டப்பட்டிருக்கும் சரக்கு நம் உடம்பில் எங்குமே கிடையாது. அந்தச் சரக்கைத் தொட்டு உணரும் உணரிகள் மேக்ரோஃபேஜின் மேல் இருக்கின்றன. இவற்றில் முக்கியமான ஒரு வகையை ஈயில் கண்டுபிடித்ததற்காக ஜூல்ஸ் ஹாஃப்மனுக்கும், எலியில் கண்டுபிடித்ததற்காக ப்ரூஸ் பாய்ட்லருக்கும் 2011இல் நோபல் பரிசு தரப்பட்டது.

தொட்டதும் அது இரண்டு வேலை செய்யும். கைக்கு எட்டியதை விழுங்கும், கூடவே தமுக்கடிக்கும். தமுக்கு என்றது சைட்டோகைன்களை: ஒரு செல் வெளியே விடும், இன்னொரு செல் வாங்கிப் படிக்கும் சிறு புரதங்கள். செல்களுக்குள் பேச்சு என்பது பெரும்பாலும் இதுதான். காய்ச்சலும் இந்தப் பேச்சின் ஒரு விளைவே. சில சைட்டோகைன்கள் இரத்தத்தில் கலந்து மூளைக்குச் சேதி போனதும், உடம்புச் சூட்டை எத்தனையில் வைப்பது என்ற அளவையே மூளை உயர்த்துகிறது.

நாணலைப் பிடித்துக் கரையேறுதல்

தமுக்குச் சத்தம் பக்கத்து இரத்தக் குழாய்க்குக் கேட்டதும் குழாய் விரிகிறது. சுவரில் இடைவெளி விழுகிறது. நீர் கூடுதலாகக் கசிகிறது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அது சிவப்பு, சூடு, வீக்கம், வலி. வீக்கத்தைப் பார்த்ததும் அதை எப்படியாவது அமுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. முதல் இரண்டு நாள் வீக்கம் பெரும்பாலும் ஆள் இறங்குவதற்காகத் திறந்த மதகு.

இறங்கும் ஆட்கள் நியூட்ரோஃபில்கள். இரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'பாலிமார்ஃப்' என்று போட்டிருப்பது இவற்றைத்தான். பெரியவர்களுடைய வெள்ளையணுக்களில் வழக்கமாகப் பாதிக்கு மேல் இவைதான். எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. ஒவ்வொன்றும் இரத்தத்தில் சுற்றுவது ஒரு நாள் போலத்தான்.

இரத்தம் ஓடுகிற வேகத்தில் போகும் செல், சரியான இடத்தில் எப்படி இறங்கும்? ஆற்றில் அடித்துப் போகிறவர் கரையோர நாணலைப் பிடித்துக் கரையேறுவது போல. தமுக்குக் கேட்ட இடத்தில் மட்டும் இரத்தக் குழாயின் உள்சுவரில் ஒட்டும் புரதங்கள் முளைக்கின்றன. நியூட்ரோஃபில் அதில் உரசி, உருண்டு, வேகம் குறைந்து, ஒட்டி நின்று, சுவரின் இடுக்கு வழியே நசுங்கி வெளியே வருகிறது. பிறகு தமுக்குச் சேதியின் வாசனை கூடும் திசையைப் பார்த்து ஊர்ந்து போகிறது. சில மணி நேரத்துக்குள் நல்ல கூட்டம் சேர்ந்துவிடும். முதல் நாள் முடியும்போது உச்சம்.

விரால் மீனும் சாம்பலும்

வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, பிடிக்க வேண்டும். விரால் மீனை வெறும் கையால் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வழுக்கும். சாம்பலைத் தூவினால் பிடி கிடைக்கும். நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களும் விரால் மாதிரிதான். மேலே வழவழப்பான உறை போர்த்தியிருக்கும்.

அதற்கான சாம்பல் இரத்தத்திலேயே இருக்கிறது. காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொகுப்பு, அதாவது நிரப்புப் புரதங்கள். பெரும்பகுதி கல்லீரலில் செய்யப்பட்டு, தூங்கும் நிலையில் இரத்தத்தில் சுற்றுபவை. பாக்டீரியாவின் மேற்பரப்பைத் தொட்டால் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்பும். அது பலவற்றை எழுப்பும். நிமிடக் கணக்கில் பாக்டீரியாவின் மேல் புரதத் துணுக்குகள் அப்பிக்கொள்ளும். அந்தத் துணுக்கைப் பிடிக்க நியூட்ரோஃபிலுக்கும் மேக்ரோஃபேஜுக்கும் தனிக் கைப்பிடி உண்டு. இந்தச் சாம்பல் பற்றி மறக்க வேண்டாம். இன்னும் நல்ல சாம்பல் ஒன்று பின்னால் வருகிறது.

பிடித்து விழுங்கியதை நியூட்ரோஃபில் ஒரு பைக்குள் அடைத்து, அதில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கிறது. அதையும் உடம்பிலுள்ள குளோரைடையும் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் தயாரிக்கிறது. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். இதைத் தயாரிக்கும் நொதி பச்சை நிறம். சீழும் சளியும் பச்சையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம். ஆகவே சளி பச்சையாக வந்தது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

நியூட்ரோஃபிலுக்கு இன்னொரு வித்தையும் உண்டு என்பது 2004இல்தான் தெரிய வந்தது. தன் டி.என்.ஏ.வையே வெளியே விசிறி, வலை போட்டுப் பிடிக்கும். அந்த வலை வீச்சு பெரும்பாலும் அதற்குக் கடைசி வீச்சு.

இப்படி இறந்த நியூட்ரோஃபில்கள், இறந்ததும் இறவாததுமான பாக்டீரியாக்கள், சிதைந்த சதை எல்லாம் சேர்ந்த குழம்புதான் சீழ். "கெட்ட ரத்தம்" என்று ஒன்று தனியாக இல்லை. ஆனால் சீழ் ஒரு கட்டியாக அடைபட்டுவிட்டால், அதற்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரை சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் மருத்துவர் மருந்து எழுதுவதோடு நிற்காமல் கீறி வடிய விடுகிறார். வீட்டில் பிதுக்கினால் கட்டியின் சுவர் உள்பக்கமாக உடைந்து பரவும் ஆபத்து உண்டு.

இதுவரை நடந்தது: காவல் பார்த்தது, தமுக்கடித்தது, இரத்தக் குழாய் வழிவிட்டது, கூட்டம் வந்தது, சாம்பல் தூவி விழுங்கியது. இதில் எதுவும் இந்தக் குறிப்பிட்ட பாக்டீரியாவுக்கென்று தயாரானதல்ல. எந்த உடைப்புக்கும் இதே ஆட்கள்தான். பெரும்பாலான முள்குத்து இத்தோடு முடிந்துவிடும்.

துண்டோடு போகும் தூதர்

முடியாதபோதுதான் தொடையிடுக்குக்கு வேலை. தோலில் டென்ட்ரைட்டிக் செல் என்ற இன்னொரு வகை இருக்கிறது. கிளைக் கிளையாகக் கை நீட்டியிருக்கும் செல். ரால்ஃப் ஸ்டைன்மன் 1973இல் விவரித்தது இதைத்தான். இதுவும் விழுங்கும், ஆனால் விழுங்குவது காட்டுவதற்காக. பாக்டீரியாவின் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, தன் மேற்பரப்பில் தட்டில் வைத்ததுபோல் வைத்துக்கொண்டு, வடிகாலில் இறங்கி நிணநீர் முடிச்சுக்குப் போகும். ஒரு நாளுக்குள் போய்ச் சேரலாம்.

முடிச்சுக்குள் டி செல்கள் காத்திருக்கின்றன. டி செல் என்பது தைமஸ் சுரப்பியில் பயிற்சி முடித்த வெள்ளையணு. ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒரே ஒரு வகைத் துண்டுதான் கண்ணுக்குத் தெரியும். இந்தத் துண்டுக்குப் பொருந்தும் டி செல் பல லட்சத்தில் ஒன்று இருக்கலாம். உடம்பு முழுக்கத் தேடினால் சந்திக்கவே முடியாது. அதனால்தான் தூதரும் தேடுவோரும் ஒரே சந்தைக்கு வருகிறார்கள்.

சந்திப்பு நடக்க முடிச்சு ஒரு தந்திரம் செய்கிறது. உள்ளே வரும் மதகை அகலத் திறந்து, வெளியே போகும் மதகைச் சில மணி முதல் ஓரிரு நாள் வரை அடைத்துவிடும். வருகிறவர்கள் தேங்குவார்கள். பொருத்தமானது கிடைத்ததும் அது பிரிந்து பிரிந்து பெருகும். நாளுக்கு இரண்டு மூன்று முறை பிரிந்தால் ஐந்தாறு நாளில் சில நூறு செல்கள் லட்சக்கணக்காகிவிடும். வரவு கூடுதல், செலவு அடைப்பு, உள்ளேயே பெருக்கம்: முடிச்சு வீங்கி, அதன் உறை இழுபட்டு வலிக்கிறது. தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது.

ஒரு சாவி போதாது

கோயில் நகை இருக்கும் அறையை ஒரே சாவியால் திறக்க விடமாட்டார்கள். டி செல்லும் அப்படித்தான். துண்டு பொருந்துவது முதல் சாவி. "இது நிஜ ஆபத்து" என்ற ஒப்புதல் இரண்டாவது சாவி. டென்ட்ரைட்டிக் செல் அந்த ஒப்புதலை எல்லா நேரமும் தராது. பாக்டீரியாவின் சுவர்ச் சரக்கைத் தொட்டிருந்தால்தான் தரும். முதல் சாவி மட்டும் கிடைத்த டி செல் எழும்பாது, பெரும்பாலும் முடங்கிவிடும். நம் உடம்பின் சொந்தப் புரதத்தை எதிரி என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க இது ஒரு பூட்டு.

தடுப்பூசி செய்பவர்களுக்கும் இது தெரியும். சுத்தம் செய்த புரதத்தை மட்டும் செலுத்தினால் பல நேரம் பதில் மந்தமாக இருக்கும். டெட்டனஸ் தடுப்பூசியில் கொஞ்சம் அலுமினிய உப்பு சேர்ப்பது இரண்டாவது சாவியைத் திருப்பத்தான்.

தூதர் சொல்லும் சேதியில் மூன்றாவதாக ஒரு குறிப்பும் உண்டு: எதிரி எந்த மாதிரி. செல்லுக்குள் ஒளியும் காசநோய்க் கிருமி மாதிரியா, வெளியே நின்று பெருகும் ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரியா? அதைப் பொறுத்து டி செல் வேறு வேறு வேலை கற்றுக்கொள்ளும்.

உதவி திரும்பி வருகிறது

பலரும் தவறாக நினைப்பது இந்த இடத்தைத்தான். முதலில் வந்தவை சாதாரண ஆட்கள், பின்னால் வரும் டி செல்லும், எதிரியைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதமும் தனிப்படை, இவர்கள் வந்ததும் அவர்கள் விலகிவிடுவார்கள் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். பாக்டீரியா விஷயத்தில் நடப்பது அதுவல்ல. பின்னால் வருபவை பெரும்பாலும் முன்னால் வந்தவற்றின் கை வழியேதான் வேலை செய்கின்றன.

மற்ற செல்களுக்குத் துணை செய்யும் டி செல்களுக்கு உதவி டி செல்கள் என்று பெயர். அவற்றில் ஒரு வகை புண்ணுக்குத் திரும்பி, காமா இன்டர்ஃபெரான் என்ற சைட்டோகைனைத் தருகிறது. விழுங்கிவிட்டுக் கொல்ல முடியாமல் திணறும் மேக்ரோஃபேஜ் அதை வாங்கிய பிறகுதான் முழு பலத்தோடு கொல்லும். எச்.ஐ.வி. இந்த உதவி டி செல்களை அழிப்பதால்தான் அந்த நோயாளிகளைக் காசநோய் அவ்வளவு எளிதில் பிடிக்கிறது. மேக்ரோஃபேஜ் இருக்கிறது, விழுங்கவும் செய்கிறது. அதற்கு வர வேண்டிய சேதி வரவில்லை. இன்னொரு வகை உதவி டி செல், மேலும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கச் சொல்கிறது. மூன்றாவது வகை முடிச்சிலேயே தங்கி, பி செல்லுக்கு ஒப்புதல் தருகிறது.

பி செல் என்பது ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணு. ஒப்புதல் கிடைத்தவை பெருகி, ஆன்டிபாடித் தொழிற்சாலைகளாக மாறும். ஒரு தொழிற்சாலைச் செல் நொடிக்கு 2,000 ஆன்டிபாடி வரை வெளியே தள்ளும். முதல் ரகம் ஒரு வாரத்துக்குள் இரத்தத்தில் தெரியும். இன்னும் இறுகப் பிடிக்கும் ரகம் இரண்டாவது வாரத்தில்.

ஆன்டிபாடிக்கு ஒய் வடிவம்: இரண்டு கை, ஒரு வால். கை பாக்டீரியாவைப் பிடிக்கும். வாலை நியூட்ரோஃபிலும் மேக்ரோஃபேஜும் பிடிக்கும். காம்ப்ளிமென்டும் அதே வாலில் வந்து தொற்றும். நல்ல சாம்பல் பின்னால் வரும் என்றது இதைத்தான். ஆன்டிபாடி ஒட்டியதால் மட்டும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சாவதில்லை. கொல்வது விழுங்கும் செல்தான்.

இதைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய சண்டையே நடந்தது. 1882இல் இத்தாலியின் மெசினாவில் எலீ மெட்ச்னிகாஃப், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. செல்தான் எல்லாம் என்றது அவர் கட்சி. இரத்தத்தின் தெளிநீரில் இருக்கும் பொருள்தான் எல்லாம் என்றது எதிர்க்கட்சி. 1908இல் நோபல் பரிசை மெட்ச்னிகாஃபுக்கும், எதிர்த்தரப்பின் பால் எர்லிக்குக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்தார்கள். ஆன்டிபாடியின் கையையும் வாலையும் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பங்கீடு சரிதான்.

விழுங்கிகளுக்கு வேலை இல்லாத ஒரு விதிவிலக்கு டெட்டனஸ். அங்கே கொல்வது பாக்டீரியா அல்ல, அது விடும் நஞ்சு. ஆன்டிபாடி நேராக நஞ்சையே பிடித்துச் செயலிழக்கச் செய்யும். ஆளை முடக்கும் நஞ்சின் அளவு மிகக் குறைவு; எதிர்ப்பைத் தூண்டக்கூட அது போதாது. அதனால் டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.

எங்கே பிசகுகிறது

சர்க்கரை நோயிலிருந்து தொடங்குவோம். இரத்தத்தில் சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நியூட்ரோஃபில் ஊர்வது, விழுங்குவது, கொல்வது எல்லாம் தளர்கிறது. பாதத்துக்குப் போகும் இரத்தக் குழாய் குறுகியிருந்தால் ஆள் வந்து சேர்வதும் தாமதம். நரம்பு மரத்துப்போனால் முள் குத்தியதே தெரியாது. எண்ணிக்கை சரியாக இருக்கும், சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் கூடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை பெருகும் எதிரிக்கு அந்தத் தாமதம் போதும்.

வயல்வேலை செய்யும் சர்க்கரை நோயாளிகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் மெலியோய்டோசிஸ். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, வெட்டுக்காயம் வழியாக நுழையக்கூடியது, தமிழ்நாட்டிலும் காணப்பட்டிருக்கிறது. அதன் கெட்டிக்காரத்தனம், விழுங்கிய செல்லுக்குள்ளேயே பிழைத்துக்கொள்வது. நுரையீரலைத் தாக்கினால் காசநோய் போலவே தோன்றும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் கட்டிகள் வரும். மழைக்கால வயல்வேலைக்குப் பிறகு நீளும் காய்ச்சல் என்றால், வயல்வேலை செய்வதையும் சர்க்கரை இருப்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எலிக்காய்ச்சல் வேறு வழியில் ஏமாற்றுகிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவின் மேற்பூச்சை மனிதச் செல்லின் ஒரு முக்கிய உணரி சரியாக அடையாளம் காண்பதில்லை. தமுக்கு தாமதமாகிறது. காய்ச்சலோடு ஆடுசதை வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கும் "வீக்க மாத்திரை" பல நேரம் ஸ்டீராய்டு. அது தமுக்குச் சத்தத்தையே அடக்கும். வீக்கமும் வலியும் இறங்கும், புண் ஆறுவதுபோல் இருக்கும், உள்ளே பாக்டீரியா பெருகும். வேடிக்கை என்னவென்றால் அப்போது இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணு எண்ணிக்கை ஏறியிருக்கும். நாணலைப் பிடித்திருந்த நியூட்ரோஃபில்கள் கையை விட்டு மறுபடி ஆற்றில் போவதால் கணக்கில் கூடுதலாகத் தெரிகின்றன. புண்ணுக்கு வந்தது குறைவு. (ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு மருத்துவர் சொல்லி ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்தக் கூடாது; அது வேறு ஆபத்து.)

வடிகாலே அடைபட்டால்? கும்பகோணம் பக்கத்து மக்களுக்கு யானைக்கால் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கொசு வழியாக வந்த புழு நிணநீர்க் குழாயைப் பாழாக்கிவிடுகிறது. அதன்பின் அடிக்கடி குளிர்க்காய்ச்சலோடு கால் சிவந்து வலிப்பது, பெரும்பாலும் புழுவால் அல்ல. விரலிடுக்குப் பிளவில் நுழையும் பாக்டீரியாவால். நீர் தேங்கிய காலிலிருந்து தூதர் போக வழியில்லை, வடியவும் வழியில்லை. அதனால்தான் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து உலர்த்துவதை அந்த நோய்க்கு மருந்துக்குச் சமமாகச் சொல்கிறார்கள். நுழைவாயிலை அடைப்பதுதான் நம் கையில் இருப்பது.

கடைசியாக, மிகைப்பட்ட பதில். பாக்டீரியாவோ அதன் சரக்கோ இரத்தத்தில் பரவி, உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் தமுக்கு அடித்தால் எல்லா இரத்தக் குழாய்களும் விரிந்து கசியும். எல்லா மதகையும் சேர்த்துத் திறந்தால் எந்த வாய்க்காலிலும் மட்டம் நிற்காது. அதுபோல இரத்த அழுத்தம் விழுந்து சிறுநீரகம், மூளை எல்லாம் தவிக்கும். இதுதான் செப்சிஸின் கடுமையான நிலை. எதிர்ப்பு குறைந்து நேர்வது மட்டும் அல்ல இது, கட்டுமீறி நேர்வதும். "சக்தியைக் கூட்டு" என்ற விளம்பரம் எவ்வளவு அரைகுறை என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை.

வழக்கமான முள்குத்தில் அப்படி ஆகாததற்குக் காரணம், நிறுத்தும் ஏற்பாடும் உள்ளேயே இருப்பது. வேலை முடிந்த நியூட்ரோஃபில் ஒழுங்காக மடிந்து, "என்னை எடுத்துக்கொள்" என்ற அடையாளத்தைக் காட்டும். அதை விழுங்கும் மேக்ரோஃபேஜ் தமுக்கை நிறுத்தி, சதையைச் சீர்படுத்தும் சைட்டோகைன்களை விடத் தொடங்கும். பெருகிய டி செல்களில் பெரும்பாலானவை மடிந்து, சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும்.

முள் குத்தினால்

முள்ளை முழுதாக எடுங்கள். துண்டு உள்ளே தங்கினால் பாக்டீரியா அதில் ஒட்டிக் குடியிருக்கும், விழுங்கிகளால் அதைக் கொல்ல முடியாது. ஓடும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் போலக் கழுவுங்கள். சாணி, சுண்ணாம்பு, புகையிலை வைக்க வேண்டாம். சாணியில் டெட்டனஸ் கிருமியின் வித்து இருக்கக்கூடும். கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது என்பது நினைவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவில் படுக்கும் முன் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பது, தெரியாவிட்டால் கண்ணாடி வைத்தோ இன்னொருவரைவிட்டோ பார்ப்பது நல்லது.

புண்ணிலிருந்து தொடையிடுக்கு நோக்கிச் சிவப்புக் கோடு ஏறினால் வடிகாலுக்குள்ளேயே பாக்டீரியா போகிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளிர்க்காய்ச்சல், மூச்சு வாங்குதல், பேச்சுத் தடுமாற்றம், சிறுநீர் குறைதல் வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களுக்குக் காய்ச்சல் மட்டுமே போதும் ஓடுவதற்கு. நியூட்ரோஃபில் குறைந்திருக்கும்போது சிவப்பும் இராது, சீழும் இராது. சீழாக ஆள் வேண்டுமே.

நெறியை உருவி விடுவதாலோ பற்றுப் போடுவதாலோ ஆகப் போவது ஒன்றுமில்லை. புண்ணைக் கவனித்தால் அது தானாக இறங்கும். புண் ஆறிய பிறகும் இரண்டு மூன்று வாரம் விரலுக்குத் தட்டுப்படலாம். சேர்த்த கூட்டம் கலைய அவ்வளவு நாள் ஆகும். நான்கு வாரம் தாண்டியும் குறையாத நெறி, வலியே இல்லாமல் கல் மாதிரி கெட்டியான நெறி, காலில் எந்தப் புண்ணும் இல்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும் நெறி: இந்த மூன்றும் முள்குத்தின் கணக்கில் சேராதவை. காசநோய் முதல் புற்றுநோய் வரை காரணம் வேறாக இருக்கலாம் என்பதால் ஊசி வைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார்கள்.